உழக்குக் கணக்கு

பெப்ரவரியில் தொழிற்சாலை
இனி வாரத்தில் மூன்று நாள் என்றது.
கடிதத்தில் அதற்கொரு நாகரிகமான பெயர்:
குறுநேர வேலை.
வீட்டைச் சூடாக்கும் கட்டணம் மட்டும்
முழுநேரம் ஓடியது.

வூப்பர்ட்டாலின் மேட்டுச் சரிவில்
முப்பத்தேழாம் இலக்கத் துண்டு நிலம்.
முன்னவர் விட்டுப்போனது
ஒரு துருவேறிய வாளி,
சிவப்புத் தொப்பிக் குள்ளன் பொம்மை,
முழங்கால் உயரப் புல்.
சங்கத்தின் சட்டம்:
மூன்றில் ஒரு பங்கிலாவது
தின்னக்கூடியது விளைய வேண்டும்.
"மிச்ச இரண்டு பங்கில் என்னதான் செய்வார்கள்?"
என்றான் குணபாலன்.
குள்ளனைத் தூக்கிக் கூரையடியில் வைத்துவிட்டு
அவன் நின்ற இடத்திலும் உள்ளி நட்டோம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள்.
நான் பார்த்தேன்.
பதினெட்டு வருடம்
பெட்டிக்கு இருநூறு என்று திருகாணி எண்ணிய கை
எண்ணாமல் இருக்காது.

துவாரகியின் பழைய கொப்பியில்
இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது.
ஆண்டு வாடகை, தண்ணீர், சங்கப் பணம்.
பழைய மண்வெட்டி, ஆறு யூரோ.
மண் நான்கு மூட்டை.
(மண்மேல் நின்றுகொண்டு மண் வாங்கியதை
யாரிடமும் சொல்லவில்லை.)

ஏப்ரலில் முளைத்த கீரை
ஒரே இரவில் நத்தைக்குப் போயிற்று.
ஓடில்லாத, செங்கல் நிற நத்தை.
வீடு கட்டிக்கொள்ளாமல்
என் பாத்தியிலேயே குடியிருந்தது.
வலப்பக்கம்: பூச்சியம்.

மே பதினைந்துவரை தக்காளியை வெளியே விடாதே
என்றாள் வேலிக்கு அப்பால் ஊர்சுலா வெண்ட்.
பனிப்புனிதர்கள் என்று நாலைந்து பேராம்,
அதற்குள் ஒருமுறை இறங்கி வருவார்களாம்.
வெயில் நன்றாகத்தானே அடிக்கிறது என்று
ஒன்பதாம் தேதி நட்டேன்.
புனிதர்கள் வந்தார்கள்.
இடப்பக்கம்: பன்னிரண்டு கன்று.

ஜூலையில் சுக்கினி.
நான்கு நாள் பார்க்காமல் விட்டால்
கைக்குழந்தை அளவு.
வறை, சாம்பார், பால்கறி,
துருவி ரொட்டி மாவுக்குள் ஒளித்தும் பார்த்தேன்.
துவாரகி மணந்தே கண்டுபிடித்தாள்.
கீழ்மாடிக்காரர் என் பையைக் கண்டால்
லிஃப்டை விட்டுப் படியில் ஏறினார்.

பச்சைமிளகாய் பதினைந்து கொடுத்தேன் ஊர்சுலாவுக்கு.
மறுநாள் உருளைக்கிழங்கு ஒரு வாளி
வேலி தாண்டி வந்தது.
அவளுடைய ஓய்வூதியமும் குறுநேரம்தான்,
மாதக் கடைசியில் தெரியும்.
கொடுத்த மிளகாய் இடப்பக்கமா?
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் சங்கச் செயலாளர்
அளவு நாடாவோடு வந்தார்.
நீளம் அளந்தார், அகலம் அளந்தார்,
நாடாவைச் சுருட்டினார்.
"மூன்றில் ஒரு பங்கு போதுமே.
நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?"
வியாழனும் வெள்ளியும்தான் ஐயா
எங்களை உட்கார வைத்த நாட்கள்.
அன்றைக்குத்தான் இங்கே வருகிறோம்.
அதை ஜெர்மனில் சொல்ல எடுத்த நேரத்தில்
அவர் ஒரு தக்காளியைக் கடித்திருந்தார்.
ஊர்சுலா தந்த கன்றின் தக்காளி.

ஒக்டோபரில் கூட்டினேன்.
நாற்பத்தொரு யூரோ நட்டம்.
"கடையில் கரட் இதைவிட மலிவு,"
என்றான் குணபாலன்.
உண்மை.
சொல்லிக்கொண்டே அவன் உரித்தது
எங்கள் கரட்,
இரண்டு கால் முளைத்துக் கோணிப்போனது.
சொந்தக் காலில் நிற்பது பெரிய பேச்சு.
நான் ஒரு காலை மண்வெட்டியில் ஊன்றி நின்றேன்,
அவ்வளவுதான்.

போடாத ஹீட்டரின் மேல்
போஞ்சி விதை காய்ந்துகொண்டிருந்தது.
உழக்கு எவ்வளவென்று
வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.
தயிர்க் கோப்பை ஒன்று நிறைந்தது.
அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கொப்பியில் புதுத் தாள்.
இடப்பக்கத்தில் இம்முறை மண்வெட்டி இல்லை,
விதையும் இல்லை.
எல்லாவற்றுக்கும் மேலே
மே பதினாறு என்று எழுதி
இரண்டு கோடு அடித்தேன்.